மாமாவின் காப்பும் அம்மாவின் கணக்கும்

சொந்தக்காரர்கள் இவ்வளவு ஆசையாகத் தேடி வரும் வீடு காரைக்காலிலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று சிறுவயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். கோவில்பத்தில் இரண்டு அறையும் ஒரு கூடமும் கொண்ட சின்ன வீடு. சனிக்கிழமை வந்துவிட்டால் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சித்தப்பா, மயிலாடுதுறையிலிருந்து ஒரு பெரியப்பா, என்ன முறை என்றே புரியாத இன்னும் இரண்டு பேர் என்று வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். "அண்ணியப் பாத்து நாளாச்சு, அதான் வந்தோம்" என்பார்கள். அண்ணியைப் பார்ப்பது ஒரு டம்ளர் காப்பியோடு முடிந்துவிடும். பிறகு கடைத்தெருவரை போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பி, சாயங்காலம் கண்கள் சிவக்க, போனதைவிட இரண்டு பங்கு பாசத்தோடு திரும்புவார்கள். என் தலையைத் தடவி அழுதவர்களும் உண்டு. மூன்று பக்கமும் தமிழ்நாடு சூழ்ந்திருக்க, நாலாவது பக்கம் கடல் கிடக்க, நடுவில் எங்கள் ஊரில் மட்டும் பிராந்தி மலிவு என்பதும், அந்தப் பாசத்தின் ஊற்று அதுதான் என்பதும் எனக்கு வெகுகாலம் தெரியாது.

அம்மா அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடையில் அவளுக்கு வீட்டுக் கணக்கெடுப்பு வேலை போட்டுவிட்டார்கள். அப்பாவுக்குப் புதுச்சேரியில் உத்தியோகம். வார இறுதியில்தான் வருவார். என்னைத் தனியாக விட முடியாது என்பதால் நானும் அம்மாவோடு தெருத் தெருவாக அலைந்தேன். என் வேலை குடை பிடிப்பது. வீட்டுக்கு வீடு நன்னாரி சர்பத்தோ மோரோ கிடைத்ததால் நான் அதைப் பெரிய கஷ்டமாக நினைக்கவில்லை.

ஊர் என்றால் என்ன என்று அந்தக் கோடையில்தான் பார்த்தேன். கடற்கரைப் பக்கத்து மரைக்காயர் வீடுகளில் பெண்கள் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னார்கள். புருஷன் சவூதியில், மகன் துபாயில், கொழுந்தன் சிங்கப்பூரில். அடுத்த தெருவில் ஒரு சொல்தா வீடு. அந்தக் கிழவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர். தன்னை எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்று அவர் அம்மாவிடம் சண்டைக்கே வந்தார். துறைமுக வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து ஒற்றை அறைகளில் நெருக்கிக்கொண்டு கிடந்தவர்கள், மருத்துவப் படிப்புக்கு வந்து மாடி வாடகைக்கு எடுத்த பிள்ளைகள், வயலை விற்றுவிட்டு டவுனுக்கு வந்த சுரக்குடிக்காரர்கள் என்று ஒரே தெருவுக்குள் பத்து ஊர் இருந்தது. எல்லோரிடமும் அம்மா முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"இந்த வீட்ல எத்தன அடுப்புங்க?"

ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம். கணக்கெடுப்பின் சட்டம் அது. மாமியாரும் மருமகளும் வருஷக்கணக்கில் முகம் பார்க்காத ஒரு வீட்டில்கூட அடுப்பு ஒன்றுதான் என்பதால் அம்மா ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டாள். மருமகளுக்கு அதில் ரொம்ப மனக்குறை. தனியாக எழுத ஏதாவது வழியிருக்கிறதா என்று வாசல்வரை வந்து கேட்டாள்.

கழிப்பறை உண்டா, சைக்கிள் உண்டா, டிவி உண்டா என்றெல்லாம் கேட்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் யாராவது குடிக்கிறார்களா என்ற கேள்வி கிடையாது. ஆனால் கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் பதில் அதிகமாக வந்தது. ஆண்கள் வெளிநாடு போன வீடுகளில் பெண்கள் அவர்கள் எப்போது வருவார்கள் என்று பேசினார்கள். ஆண்கள் உள்ளூரில் இருந்த பல வீடுகளில், சாயங்காலம் எந்த நிலையில் வருவார்கள் என்று பேசினார்கள். அம்மா பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தெருவை முடிக்க வேண்டிய நேரத்தில் பாதித் தெருதான் முடியும்.

அதில் ஒரு வீடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அங்கே சர்பத்தும் இல்லை, மோரும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த குடும்பம். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டதற்கு அந்த அக்கா தன் பெயரைச் சொன்னாள். பிறகு அவளாகவே தொடர்ந்தாள்.

"தெனம் குடிச்ச மனுஷங்க. பொண்ணு கல்யாணத்துக்காவ ஒரேயடியா நிறுத்துனாரு. சந்தோசப்பட்டோம். மூணாம் நாளு கை உதற ஆரம்பிச்சிட்டு. செவுத்துல பூச்சி ஊருது, மேல ஏறுதுங்கறாரு. எங்களயே யாருன்னு கேக்கறாரு. காத்து சேட்டைன்னு வேப்பிலை அடிச்சோம் டீச்சர். ஆசுபத்திரிக்குக் கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. டாக்டரு சொல்றாரு, நிறுத்துனது தப்பில்லம்மா, இங்க வந்து நிறுத்தியிருக்கணும்னு. அது எங்களுக்கு என்னாங்க தெரியும்?"

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரில் பூச்சி எங்கே என்று தேடினேன்.

எனக்கு ஒரே ஒரு மாமா; அம்மாவின் தம்பி. சுரக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். கொஞ்சம் வயலும் ஒரு டிராக்டரும் வைத்திருந்தார். அந்த டிராக்டரில் என்னை மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கைக் கொடுத்துவிடுவார். நான் ஓட்டுவதாக நினைத்து வரப்பில் நடப்பவர்களை எல்லாம் ஒதுங்கச் சொல்லிக் கத்துவேன். அவரும் சேர்ந்து, "ஒதுங்குங்கய்யா, கலெக்டரம்மா வர்றாங்க" என்பார். அவர் குடிப்பார் என்பது எனக்குத் தெரியும். எப்போதும் கொஞ்சம் குடித்தே இருந்ததால், குடிக்காத மாமா எப்படி இருப்பார் என்பதுதான் தெரியாது. அந்த வருஷம் அத்தை இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தாள். டிராக்டர் ஒருமுறை வாய்க்காலில் இறங்கியிருந்தது. அம்மா போய்த் தம்பியை உட்காரவைத்துப் பேசினாள்.

"மனசு வச்சா முடியாதது ஒண்ணு இல்லடா. நீ வைக்க மாட்டேங்கற."

மனசு வைக்க அந்த ஊரில் ஒரு வழி இருந்தது. வைகாசியில் திரௌபதி அம்மன் கோவில் தீமிதி. அதற்குப் பத்து நாள் முன்னால் தீ மிதிக்கிறவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு காப்பு கட்டிக்கொள்வார்கள். காப்பு கட்டிவிட்டால் குடி கிடையாது, கறி கிடையாது, படுக்கை கோவிலில், தீமிதி முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. தங்கள் வீட்டு ஆண்களைக் குடியிலிருந்து மீட்கப் பெண்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். ஒவ்வொரு வருஷமும் ஏழெட்டுப் பேருக்காவது அப்படிக் காப்பு கட்டி வைப்பார்கள். தீமிதிக்கு மறுநாள் அந்த ஏழெட்டுப் பேரும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அம்மாவே முன்னால் நின்று மாமாவுக்குக் காப்பு கட்டவைத்தாள். வருஷா வருஷம் எல்லோரும் கட்டுகிறதுதானே என்றிருந்தாள்; துறைமுகத்து அக்கா சொன்னது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. மாமா அக்காளின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அம்மா முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காப்பு கட்டி மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. மாமாவுக்குச் சாமி வந்துவிட்டதாம். அதுவும் வந்த சாமி போகவே இல்லையாம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் துபாய் மாமா, பிரான்ஸ் தாத்தா என்று பீற்றிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு; சாமி வந்த மாமா யாருக்கும் கிடையாது. அம்மா கணக்கெடுப்புப் பையோடு அப்படியே பஸ் ஏறினாள். வழியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டாள்.

கோவில் வாசலில் நல்ல கூட்டம். நடுவில் மாமா, மஞ்சள் வேட்டியும் கையில் வேப்பிலையுமாக உட்கார்ந்திருந்தார். அவர் அசைக்காமலே வேப்பிலை நடுங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை வழிந்தது. ஒரு பெண் காலில் விழுந்து, "எம்மவனுக்கு விசா வருமா தாயே?" என்று கேட்டாள். மாமா தன் வேட்டியைத் தட்டித் தட்டி, "ஏறுது, ஏறுது, மேல ஏறுது" என்றார். "ஏறிடுவான், பிளேன் ஏறிடுவான், அம்மனே சொல்லிட்டா" என்று கூட்டத்தில் ஒருவர் விளக்கம் சொல்ல, அந்தப் பெண் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். மாமா என்னைப் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வேட்டியிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டார்.

"பூச்சி. எத்தனப் பூச்சி. தட்டிவுடுங்களேன்."

அம்மா கையிலிருந்த வாழைப்பழம் கீழே விழுந்தது. அவள் மாமாவின் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்தாள்.

"தம்பி, நான் யாருன்னு சொல்லு."

மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரோ "சாமியத் தொடாதீங்க" என்று சத்தம் போட்டார்கள். அம்மா எழுந்து ஓரமாகப் போய் எங்கள் பக்கத்து வீட்டு பாய்க்குப் போன் செய்தாள். சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்தவர். அவரிடம் ஒரு ஆம்னி வேன் இருந்தது. "எங்க வரணும்னு மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்று அவர் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. பிறகு அம்மா நேராக நாட்டாமையிடம் போனாள். அவர் அவளுக்குப் பங்காளி முறையில் சித்தப்பா.

"சித்தப்பா, இது சாமி இல்ல. தெனம் குடிச்ச ஒடம்பு திடீர்னு நிறுத்தினதால வந்திருக்கற நோவு. இப்பவே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவணும். விட்டா ஆள் போயிடுவான்."

"என்னம்மா பேசற நீ? காப்பு கட்டுனவன் எல்லையத் தாண்டலாமா? ஊருக்கே ஆவாது."

"அவன் செத்தா மட்டும் ஊருக்கு ஆவுமா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. படித்த திமிர் என்றார்கள். காப்பு கட்டவைத்ததே அவள்தானே, இப்போது பொறுக்கவில்லையா என்றார்கள். அது அம்மாவைச் சுருக்கென்று குத்தியிருக்க வேண்டும்; உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. வகுப்பில் கணக்கு வராத பிள்ளைக்கு வேறு வழியில் சொல்லிப் பார்க்கும்போது குரலை இறக்குவாள், அதே குரலில் பேச ஆரம்பித்தாள்.

"சரி சித்தப்பா, சாமியாவே இருக்கட்டும். காப்பு கட்டுன ஆளுக்கு ஒடம்பு முடியலன்னா என்ன பண்ணுவீங்க?"

"அந்த வூட்டு ஆளு இன்னொருத்தரு கை மாத்திக்கலாம். அது உண்டு. இவன் வூட்ல யாரு இருக்கா? புள்ள சிறுசு. பொண்டாட்டி மாசமா இருக்கா."

"நான் கட்டிக்கறேன்."

"நீ கட்டிக்குடுத்த பொண்ணும்மா. அடுத்த வூட்டு ஆளு."

அம்மா சுற்றிலும் பார்த்தாள். பெண்கள் கூட்டத்தில் நாட்டாமையின் மகள் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். புருஷன் துபாயில் இருந்ததால் அவள் பிள்ளைகளோடு பிறந்த வீட்டில்தான் இருந்தாள்.

"உங்க மவளும் கட்டிக்குடுத்த பொண்ணுதானே சித்தப்பா. அவ எந்த வூட்டு ஆளு? கவர்மெண்டு கணக்குல உங்க வூட்லதானே எழுதணும்னு நிப்பீங்க? எந்த அடுப்புல சாப்புடறோமோ அதான் வூடு. கோடை பூரா நான் இதத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு அலையறேன்."

நாட்டாமை மகளைப் பார்த்தார். மகள் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன சொன்னாலும் அது அவளுக்கும் சேர்த்துச் சொல்வதாகிவிடும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. அம்மா காத்திருக்கவில்லை. சாமிக்கென்று அத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கஞ்சிச் சட்டியைத் திறந்தாள். கையைவிட்டு ஒரு வாய் அள்ளி, எல்லோரும் பார்க்க விழுங்கினாள்.

"தீமிதி முடியற வரைக்கும் எனக்கும் எம்பொண்ணுக்கும் எந்தம்பி வூட்டு அடுப்புலதான் சோறு. இப்ப சொல்லுங்க, நான் எந்த வூட்டு ஆளு?"

நாட்டாமை தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பூசாரி, கை மாத்திவுடுய்யா" என்றார்.

அம்மா பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு குளத்தில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டு வந்தாள். பூசாரி மாமாவின் கையிலிருந்து காப்பை அவிழ்த்தார். அந்தக் கை ஒரு இடத்தில் நிற்காததால் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே கயிற்றை ஈரம் சொட்ட நின்ற அம்மாவின் கையில் கட்டினார்.

பாய் நல்ல விவரமானவர். இவர்கள் சாமி விஷயத்தில் தன்னால் எந்தச் சண்டையும் வந்துவிடக் கூடாது என்று வேனை ஊருக்குள் கொண்டுவராமல் வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கமே நிறுத்தியிருந்தார். மதகுதான் ஊர் எல்லை. அதன் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். இளவட்டங்கள் நாலு பேர் மாமாவைத் தூக்கிக்கொண்டு போக, அம்மா கூடவே ஓடினாள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து வேனில் ஏறினாள். தோரணத்துக்கு இந்தப் பக்கம் அம்மா சட்டென்று நின்றுவிட்டாள். வேனுக்குள்ளிருந்து மாமா, "அக்கா, பயமா இருக்கு, அக்கா" என்று கத்தினார். காலையிலிருந்து அவர் சரியாகச் சொன்ன ஒரே வார்த்தை அது. அம்மாவுக்குச் சாமியிலும் காப்பிலும் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் வார்த்தை கொடுத்திருந்தாள். தாண்டியிருந்தால் அடுத்த வருஷம் வேறு எந்த வீட்டுப் பெண்ணும் இப்படிக் கை மாற்றிக்கொள்ள அந்த ஊர் விட்டிருக்காது. கையை மட்டும் தோரணத்துக்கு வெளியே நீட்டி, "பாய், நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. குடிய நிறுத்தி மூணு நாளாச்சின்னு மொத வார்த்தையாச் சொல்லுங்க" என்றாள். "துவா செய்ங்க டீச்சர்" என்றபடி அவர் வண்டியைக் கிளப்பினார். வேன் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். எனக்கு அவள்மேல் பயங்கரக் கோபம். மாமாவுக்கு வந்த சாமியை அவள் பறித்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அத்தை போன் செய்தாள். வழியிலேயே மாமாவுக்கு வலிப்பு வந்துவிட்டதாம். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் படுக்கவைத்திருக்கிறார்களாம். அப்பாவும் புதுச்சேரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டாராம். "கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு அண்ணி" என்று அத்தை சொன்னபோது அம்மா கோவில் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். சத்தமே வரவில்லை.

மிச்ச நாட்களெல்லாம் நாங்கள் அந்த ஊரில்தான் இருந்தோம். கணக்கெடுப்பு மேலதிகாரி போனில் கத்துவது எனக்கும் கேட்கும். "எல்லை தாண்ட முடியாது சார்" என்று அம்மா பொறுமையாகச் சொல்வாள். எந்த எல்லை என்று அவர் கேட்பார். ஊர்க்காரர்கள் அம்மாவுக்குச் சாமி வரும் என்று எதிர்பார்த்தார்கள். அவர்களைவிட நான் அதிகமாக எதிர்பார்த்தேன். அவள் கோவில் மண்டபத்தில் பாயை விரித்து, பையில் இருந்த தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். விசா கேட்ட அந்தப் பெண் மறுபடி வந்து மகனைப் பற்றிக் கேட்டாள். பாஸ்போர்ட் ஆபீசில் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று அம்மா விவரமாகச் சொல்லி அனுப்பினாள். அந்தப் பெண்ணுக்கு அதில் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

மாமா அதோடு திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, பிறந்த பெண் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி, தீபாவளி சமயத்தில் மறுபடி குடிக்க ஆரம்பித்தார். அம்மா மறுபடி கூட்டிக்கொண்டு போனாள். இந்த முறை காப்பு கீப்பு எதுவும் இல்லாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு. அதற்குப் பிறகும் ஒருமுறை வழுக்கினார், அதற்கும் போனாள். ஒவ்வொரு முறையும் பேருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல ஊர்க்கதை பேசிக்கொண்டு போவாள். "இன்னும் எத்தன தடவதான் போவ?" என்று அப்பா ஒருநாள் அலுத்துக்கொண்டபோது, "அவன் எத்தன தடவ குடிக்கப் போறானோ அத்தன தடவ நானும் போவேன்" என்றாள். மனசு வைத்தால் முடியும் என்ற பேச்சை மட்டும் அவள் வாயிலிருந்து அந்தக் கோடைக்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. இப்போது மாமாவுக்கு நரைத்துவிட்டது. விட்டுவிட்டீர்களா மாமா என்று கேட்டால், "இன்னைக்கி விட்டிருக்கேன்" என்கிறார். பல வருஷமாக அதே பதில்தான்.

அந்த வருஷத் தீமிதியன்று சாயங்காலம் கோவிலுக்கு எதிரில் நீளமாகக் கனல் பரப்பியிருந்தார்கள். பக்கத்தில் நிற்க முடியவில்லை, அப்படி ஒரு வெக்கை. பம்பை முழங்கியது. ஆண்கள் ஒவ்வொருவராக ஆடிக்கொண்டும் அலறிக்கொண்டும் ஓடிக் கடந்தார்கள். அம்மாவின் முறை வந்தது. இப்போதாவது வந்துவிடும் என்று நான் கண்ணை மூடி அம்மனிடம் கெஞ்சினேன். கண்ணைத் திறந்தபோது அவள் பாதித் தூரம் போயிருந்தாள். ஆடவில்லை, அலறவில்லை, ஓடக்கூட இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது போல எதிர்ப்பக்கத்தை மட்டும் பார்த்து விடுவிடுவென்று நடந்தாள். அக்கரையில் பால் ஊற்றி வைத்திருந்த குழியில் காலை வைத்தபோதுதான் அவள் உடம்பு ஒருமுறை உதறியது.

"சாமி வந்துச்சாம்மா?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"இல்ல பாப்பா. நாந்தான் வந்தேன்."

காப்பை அவிழ்த்த பிறகு மாமா வீட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்காலிலும் பெரிய பெரிய கொப்புளங்கள். சாமி வந்தவர்களுக்குத் தீ சுடாது, விரதத்தில் குறை இருந்தால்தான் சுடும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வாரத்தில் எனக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து மாமா போன் செய்தார். குரல் தெளிவாக இருந்தது. "அக்கா, சுட்டுச்சா?" என்று கேட்டார். அம்மா தன் காலைப் பார்த்துக்கொண்டே, "ச்சே, ஒண்ணுமில்லடா. பூவு மாதிரி இருந்திச்சி. நீ சாப்டியா?" என்றாள்.

அவளே மறைக்கிறாள் என்றதும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. வாசலில் அம்மாவைப் பார்க்க வரும் பெண்களின் பேச்சுக்குரல் கேட்டது. அவசரமாக அவள் புடவையை இழுத்து இரண்டு பாதங்களையும் மூடி, காற்றுக்குக்கூட விலகாதபடி ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அம்மா என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, "வலிக்கப்போவுதுன்னு பாக்கறியாடி எந்தங்கம்" என்றாள். நான் தலையாட்டினேன். அம்மா ஏதோ பெரிய தப்புப் பண்ணியிருக்கிறாள், அது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.